கஞ்சி போடாத காலர்: ஐவி ஸ்டைல்ல தினமும் டிரஸ் பண்றது எப்படி

ஐவி ஸ்டைல்னு தேடினா வர்ற போட்டோ எல்லாத்துலயும் ஒருத்தர் பித்தளை பட்டன் வச்ச பிளேசர், கோடு போட்ட டை, கட்டம் போட்ட சாக்ஸ், பளபளன்னு லோஃபர், எல்லாத்தையும் ஒரே நாள்ல மாட்டிக்கிட்டு செவுத்துல சாஞ்சு நிப்பாரு. நானும் மொத தடவ அப்படியேதான் பண்ணேன். ஆபீஸுக்குள்ள நுழைஞ்சதும் கூட வேலை பாக்குற அண்ணன் ஒருத்தர் ஏற எறங்க பாத்துட்டு "என்னப்பா, பேண்டு செட்டுல சேந்துட்டியா"ன்னு கேட்டாரு. மத்தியானத்துக்குள்ள டைய கழட்டி பைக்குள்ள போட்டுட்டேன், பிளேசர ஆறு மாசம் தொடவே இல்ல. தப்பு பிளேசர் மேல இல்ல, எல்லாத்தையும் ஒண்ணா போட்டதுலதான்னு புரியவே ரொம்ப நாள் ஆச்சு.

விஷயம் என்னன்னா இது அமெரிக்காவோட கிழக்குக் கரையில யேல், ஹார்வர்ட், பிரின்ஸ்டன் மாதிரி எட்டு காலேஜ் பசங்க கிளாஸுக்குப் போட்டுக்கிட்டு போன சாதாரண உடுப்பு. அந்த எட்டு காலேஜும் சேந்து ஐவி லீக்னு முறையா விளையாட்டு லீக் ஆனதே 1954லதான், துணி அதுக்கு ரொம்ப முன்னாடியே இருக்கு. நியூயார்க்ல ப்ரூக்ஸ் பிரதர்ஸ் 1818லருந்து கடை நடத்துறாங்க, யேல் பக்கத்துலயே ஜே பிரஸ்ங்கிற துணிக்கடை 1902ல வந்தாச்சு. அப்புறம் ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு, 1944ல போட்ட ஒரு சட்டத்தால அரசாங்கச் செலவுல காலேஜ் சேந்த சிப்பாய்ங்க, பட்டாளத்துல குடுத்த காக்கி பேன்ட்டையே கிளாஸுக்கும் போட்டுட்டு வந்தாங்க. போலோ மைதானத்துலருந்து சட்டை, பட்டாளத்துலருந்து பேன்ட், படகுலருந்து ஷூ, மீனவர் ஊர்லருந்து ஸ்வெட்டர்னு பொறுக்கிச் சேத்ததுதான் மொத்தமும்.

அதனாலதான் எத எடுத்தாலும் உள்ள வெறப்பா ஒண்ணும் இருக்காது. சட்டை காலர்ல வெறப்புக்கு வைக்கிற பக்ரம் கெடையாது, கோட்டு தோள்ல பஞ்சு கெடையாது, டை கையில புடிச்சா தொங்கும், ஸ்வெட்டர் ஏற்கனவே நாலு வருஷம் போட்ட மாதிரி இருக்கும். கடைக்குப் போனா லேபிள பாக்காதீங்க, விரல வச்சுப் பாருங்க. நான் சொல்லப்போற எல்லாமே இந்த ஒரு விஷயத்தச் சுத்தித்தான்.

சட்டையில ஆரம்பிங்க, வேற எதுலயும் ஆரம்பிக்காதீங்க. இங்கிலாந்துல போலோ ஆடுறவங்க குதிரை ஓடும்போது காலர் மூஞ்சியில அடிக்காம இருக்க ரெண்டு முனையிலயும் பட்டன் போட்டு வச்சிருந்தாங்க, ப்ரூக்ஸ் குடும்பத்துல ஒருத்தர் அத 1896 வாக்குல பாத்துட்டு ஊருக்கு எடுத்துட்டு வந்தாரு, அதுதான் பட்டன் டவுன். துணி ஆக்ஸ்ஃபோர்டு. கிட்டக்க கண்ணு வச்சுப் பாத்தீங்கன்னா கூடை பின்னின மாதிரி இருக்கும், நீலச் சட்டைன்னா பாவு நூல் நீலம், ஊடை நூல் வெள்ளை, அதான் தூரத்துலருந்து பாத்தா சாக்பீஸ் தடவுன மாதிரி ஒரு வெளுத்த நீலம் தெரியும். புதுசுல கொஞ்சம் முரடாத்தான் இருக்கும், பத்து பதினஞ்சு தடவ துவைச்சப்புறம்தான் அது வழிக்கு வரும்.

இப்ப காலர். பட்டன் போட்டப்புறம் காலர் தட்டையா சட்டையோட ஒட்டிக்கிட்டு படுத்துக் கெடந்தா அது பட்டன் வச்ச சாதாரண காலர், அவ்ளோதான். நமக்கு வேண்டியது கழுத்துகிட்ட எழும்பி, நடுவுல லேசா பொடைச்சு, பட்டன்கிட்ட எறங்குற வளைவு. அது வரணும்னா ரெண்டு விஷயம் வேணும். ஒண்ணு, காலர் முனை நீளமா இருக்கணும், கொறஞ்சது 3¼ இன்ச், இப்ப ரெடிமேட்ல வர்ற ஸ்லிம் ஃபிட் சட்டை நெறைய அதுக்குக் கம்மியாவே முடிஞ்சிடுது. ரெண்டாவது, உள்ள ஃபியூசிங், அதாவது துணியோட சேத்து ஒட்டிவிடுற பக்ரம், இருக்கக் கூடாது. கண்டுபிடிக்கிறது ஈசி, காலர கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சு தேய்ங்க, மேல்துணியும் கீழ்துணியும் தனித்தனியா நழுவுதுன்னா ஓகே, கல்யாணப் பத்திரிகை அட்டை மாதிரி ஒண்ணா நின்னா அப்படியே மாட்டிட்டு வந்துடுங்க.

தைக்கக் குடுக்குறீங்கன்னா என் கதையக் கேட்டுக்கோங்க. டெய்லர்கிட்ட "காலர்ல ஒண்ணும் வைக்காதீங்க"ன்னு மூணு தடவ சொன்னேன், அவரும் தலைய ஆட்டினாரு. சட்டை வந்துச்சு, காலர் பலகை மாதிரி நிக்குது. கேட்டா "வைக்கலைன்னா காலர் படுத்துடும் சார், பாக்க அசிங்கமா இருக்கும், அதான் நானே வச்சுட்டேன்"ங்கிறாரு, பாவம், நல்ல மனசுலதான் பண்ணிருக்காரு. ரெண்டாவது தடவ வாயால சொல்றத விட்டுட்டு, காலர் எனக்குப் புடிச்ச மாதிரி இருந்த பழைய சட்டை ஒண்ண கையில எடுத்துட்டுப் போயி மேஜை மேல வச்சு, இந்த மாதிரின்னு தொட்டுக் காட்டினேன். அளவாவும் சொல்லிடுங்க: முனை 3¼லருந்து 3½ இன்ச், பட்டன் தைக்கிற எடம் காலர் முனை தானா போயி விழுற எடத்தவிட அரை இன்ச் மேல, அப்பதான் துணிக்கு வளைய எடம் கெடைக்கும். முன்பக்கம் பட்டி வேணும், முதுகுல நடுவுல ஒரு பாக்ஸ் பிளீட், அதாவது பெட்டி மடிப்பு, வேணும், நெஞ்சுல தாராளமா லூஸ் வேணும். ரொம்ப முக்கியம், துணிய வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி தண்ணியில ஊறப் போட்டு காய வச்சுக் குடுங்க, ஆக்ஸ்ஃபோர்டு காட்டன் மொத துவைப்புலயே சுருங்கும், கழுத்துல அரை இன்ச் போச்சுன்னா சட்டையே போச்சு.

கலர் வரிசை: வெளிர் நீலம், வெள்ளை, நீலமும் வெள்ளையும் கோடு போட்டது, அப்புறம் பிங்க். ஆமா, பிங்க். கூச்சப்படாதீங்க, காக்கி பேன்ட்டோடயும் சாம்பல் பேன்ட்டோடயும் அது நீலச் சட்டைக்கு அடுத்தபடியா வேலை செய்யும்.

பேன்ட்ல ரொம்ப யோசிக்க ஒண்ணும் இல்ல. காக்கி சைனோஸ் ரெண்டு, சாம்பல் கலர் கம்பளி பேன்ட் ஒண்ணு, வெயில் ஊர்ல இருக்கிறவங்க கம்பளின்னதும் பயப்படாதீங்க, ட்ராப்பிகல் ஊல்னு மெல்லிசா வருது, டெரிகாட்டன விட காத்து நல்லாவே போகும். முன்னாடி பிளீட்ஸ் வேண்டாம், இடுப்புல நிக்கணும், தொடையில ஒட்டக் கூடாது, கீழ வரைக்கும் நேரா எறங்கணும். நீளம் ஷூ மேல லேசா தொட்டா போதும், கும்பலா மடிஞ்சு கெடக்கக் கூடாது. கீழ 1¾ இன்ச் வெளிமடிப்பு வச்சு தச்சா அந்த வெயிட்டுலயே பேன்ட் நேரா தொங்கும். நீளம் எவ்ளோ கம்மி பண்றதுன்னு ஒரு எல்லை இருக்கு, 1964ல டோக்கியோவுல கின்சா தெருவுல கணுக்கால் தெரிய பேன்ட் போட்டு ஐவி ஸ்டைல்ல சுத்திக்கிட்டு இருந்த பசங்கள போலீஸ் அள்ளிட்டுப் போயிருக்கு. ஆனா அந்த ஜப்பான்காரங்கதான் இந்த ஸ்டைல அமெரிக்காக்காரனே மறந்தப்புறமும் காஜா தையல் வரைக்கும் குறிச்சு வச்சுக் காப்பாத்துனாங்க, அது வேற கதை.

ஷூவுக்கு பென்னி லோஃபர், லேஸ் இல்லாம மேல குறுக்க ஒரு தோல் பட்டி, அதுல சின்னதா ஒரு வெட்டு. நார்வே விவசாயிங்க போட்ட செருப்பு மாதிரி ஒண்ணப் பாத்து பாஸ்ங்கிற அமெரிக்க ஷூ கம்பெனி 1936ல வீஜன்ஸ்னு விட்டாங்க, நார்வீஜியன்ங்கிற வார்த்தையோட வாலுதான் அந்தப் பேரு. பிரவுன் இல்லன்னா ஒயின் கலர் எடுங்க, கருப்பு அப்புறம் பாத்துக்கலாம். லோஃபருக்கு லேஸ் இல்லாததால புதுசுல கொஞ்சம் டைட்டா இருக்கிறதுதான் சரி, தோல் விட்டுக் குடுக்கும், கடையிலயே சௌகரியமா இருந்துச்சுன்னா மூணு மாசத்துல குதிகால் கழண்டு டப்பு டப்புன்னு சத்தம் போடும். ரெண்டாவது ஜோடியா வெள்ளை கேன்வாஸ் ஷூ போதும், அது அழுக்கானா இன்னும் நல்லாருக்கும்.

கோட்டு கடைசியா வாங்க வேண்டியது, ஆனா கவனமா வாங்க வேண்டியது. சாக் கட்டிங்னு கேளுங்க, முன்பக்கம் இடுப்ப புடிக்கிற டார்ட் இருக்காது, தோள்ல பேட் இருக்காது, மூணு பட்டன் இருக்கும் ஆனா மேல் பட்டன் காலர் மடிப்போட உருண்டு உள்ள போயிடும், போடுறது நடு பட்டன் மட்டும்தான். தோளு சரியான்னு பாக்க செவுத்துக்குப் பக்கத்துல போயி பக்கவாட்டுல நில்லுங்க, மெதுவா சாயுங்க, உங்க கை செவுத்துல படுறதுக்கு முன்னாடி கோட்டோட தோளு இடிச்சா அது உங்க கோட்டு இல்ல. கோட்டுல மத்த எதையும் ஆல்டர் பண்ணலாம், தோள மட்டும் தொட முடியாது, தொட்டா புது கோட்டு தைக்கிற செலவு. நேவி ப்ளூ எடுங்க. பித்தளை பட்டன் புடிக்கலைன்னா மாத்திடுங்க, நான் அடர் பிரவுன் கொம்பு பட்டன் வச்சேன், அதுக்கப்புறம் யாரும் பேண்டு செட்டு பத்தி பேசல.

வெயிலுக்கு சீர்சக்கர் இருக்கு, பொங்கிப் பொங்கி இருக்கிற கோடு போட்ட துணி, பாரசீகத்துல பாலும் சர்க்கரையும்னு அர்த்தம், அந்த 'சக்கர்' நம்ம சர்க்கரையேதான், இஸ்திரி போடவே வேண்டாம். அப்புறம் மெட்ராஸ் கட்டம். பேருலயே நம்மாளு, கைலித் துணிதான். மெட்ராஸுக்கும் இந்தக் காலேஜுங்களுக்கும் ஒறவு பழசு, யேல் காலேஜுக்குப் பேரு குடுத்த எலிஹு யேல் நம்ம புனித ஜார்ஜ் கோட்டையில கவர்னரா இருந்து, சொந்த லாபம் பாத்தாருங்கிற புகார்ல பதவி போனவரு, 1718ல அந்தக் காலேஜுக்கு அவரு அனுப்புனது 417 புத்தகம், ஒரு ராஜா படம், ஒம்பது பேல் சரக்கு. அப்புறம் 1958ல மெட்ராஸ் துணியில தச்ச சட்டைய அமெரிக்காவுல வித்தப்ப துவைச்ச சட்டையெல்லாம் சாயம் போயி வாங்கினவங்க சண்டைக்கு வந்துட்டாங்க, வித்தவங்க அசரல, "கண்டிப்பா சாயம் போகும்"னு அதையே விளம்பரமாக்கி வித்துத் தீத்துட்டாங்க! இப்ப வர்றது பெரும்பாலும் சாயம் போகாது, ஆனாலும் மொத ரெண்டு தடவ தனியா துவைங்க, என்னோட வெள்ளை ஆக்ஸ்ஃபோர்டு ஒண்ணு இன்னிக்கும் ஒரு மாதிரி ரோஸ் கலர்லதான் இருக்கு.

ஸ்வெட்டர் குளிர் இருந்தா மட்டும், வட்டக் கழுத்து வச்ச ஷெட்லாண்ட் கம்பளி ஸ்வெட்டர் ஒண்ணு. டை தெனம் தேவைப்படாது, வாங்குறதா இருந்தா மொதல்ல நேவி கலர் பின்னல் டை, அது எல்லாத்தோடயும் போகும், முடிச்சு சின்னதா ஒரு பக்கமா சாஞ்சு இருக்கட்டும், நேராக்க முயற்சி பண்ணாதீங்க.

வாங்குற வேகம்தான் நெறைய பேர் சொதப்புற எடம். சம்பளம் வந்ததும் மொத்தமா வாங்காதீங்க. மொதல்ல ரெண்டு சட்டை, ஒரு காக்கி, லோஃபர், இத மட்டும் வச்சு மூணு மாசம் ஓட்டுங்க. எங்க டைட்டா இருக்கு, எது பத்தலைன்னு அப்பதான் தெரியும். அப்புறம் சாம்பல் பேன்ட், இன்னொரு காக்கி, இன்னும் ரெண்டு சட்டை, அடுத்த வருஷம் கோட்டு. நாலு சட்டை மூணு பேன்ட்டுன்னா பன்னெண்டு ஜோடி, எத எதோட போட்டாலும் தப்பாகாது, காலையில பீரோ முன்னாடி நின்னு யோசிக்கிற வேலையே இல்ல. கண்ணுல அடிக்கிற மாதிரி உள்ளது ஒரு நாளைக்கு ஒண்ணு மட்டும். மெட்ராஸ் சட்டை போட்டா பேன்ட் வெறும் காக்கி, கட்டம் போட்ட சாக்ஸ் அன்னிக்கு வீட்லயே இருக்கட்டும். ஜாஸ் இசைக்காரர் மைல்ஸ் டேவிஸ் 1958ல ஒரு ஆல்பம் அட்டையில பச்சை பட்டன் டவுன் சட்டை போட்டு டிரம்பெட்டோட உக்காந்திருப்பாரு பாருங்க, டையும் இல்ல கோட்டும் இல்ல, சட்டை ஒண்ணுதான்.

துவைக்கிறதுல ஒரே கண்டிஷன், கஞ்சி கூடாது, அயர்ன் கடைக்குக் குடுத்தா கஞ்சி வேண்டாம்னு ஒவ்வொரு தடவையும் சொல்லணும், காலர மடிச்சு அழுத்தித் தேய்க்க வேண்டாம்னும் சொல்லணும். நான் பாதி ஈரத்துலயே எடுத்து காலர் பட்டன போட்டு, ஹாங்கர்ல மாட்டி, கையால அந்த வளைவ ஒரு தடவ நீவி விட்டுடுவேன். கை, முதுகு எல்லாம் லேசா சுருங்கி இருந்தா இருக்கட்டும்.

மூணாவது சட்டைக்குத் துணி எடுத்துட்டு அதே டெய்லர்கிட்ட போனேன். நான் வாயத் திறக்குறதுக்கு முன்னாடியே அவரு துணியத் தடவிப் பாத்து "நனச்சாச்சா?"ன்னாரு, ஆச்சுன்னேன், நோட்டுல அளவ எழுதிட்டு அடியில "காலர் காலி"ன்னு எழுதி ரெண்டு கோடு போட்டுக்கிட்டாரு.