வேகம் எவ்வளவு நேரம் தாங்கும்? பர்ஸ்ட் வேகத்தை அளந்து பார்க்கும் வழி

பிராசசரோ, எஸ்எஸ்டியோ, வாடகை சர்வரோ, எதை வாங்கினாலும் பெரிய எழுத்தில் ஒரு வேக எண் போட்டிருக்கும். அந்த எண் பொய்யில்லை. ஆனால் அது எத்தனை வினாடி நிற்கும் என்பதை மட்டும் பெரிய எழுத்தில் யாரும் போடுவதில்லை. சர்வர் பராமரிப்பதும் பெரிய வீடியோ ஃபைல்களை இங்கிருந்து அங்கே நகர்த்துவதும்தான் என் அன்றாடம். அதனால் "4 கிகாஹெர்ட்ஸ் லேப்டாப், வாங்கலாமா?" என்று யாராவது கேட்டால், "உங்கள் வேலை ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் ஓடும்?" என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன்.

கொஞ்ச நேரம் மட்டும் நிற்கும் இந்த உச்ச வேகத்தைத்தான் பர்ஸ்ட் வேகம் என்கிறோம். அது மேல்நிலைத் தொட்டி மாதிரி. தண்ணீர் இருக்கும் வரை குழாயில் கொட்டும். தீர்ந்துவிட்டால் மோட்டார் ஏற்றுகிற அளவுதான் வரும். ஆகவே எந்தச் சாதனத்திலும் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: தொட்டி எவ்வளவு பெரியது, திறந்தால் எவ்வளவு கொட்டும், தீர்ந்த பிறகு எவ்வளவு வரும், மறுபடி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும்.

பிராசசரில் பார்ப்போம். இன்டெல் 2008-ல் நெஹேலம் தலைமுறை பிராசசர்களோடு, தேவைப்படும்போது வேகத்தைத் தற்காலிகமாக ஏற்றும் டர்போ பூஸ்டைக் கொண்டுவந்தது. ஐ7-8550யு என்ற லேப்டாப் சிப்பின் அடிப்படை வேகம் 1.8 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 4.0. இரண்டுக்கும் இடையே இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். இதை ஆள்வது மூன்று எண்கள். பிஎல்1 என்பது தொடர்ந்து எடுக்கலாம் என்று அனுமதித்த மின்சக்தி. இந்தச் சிப்புக்கு 15 வாட். பிஎல்2 என்பது கொஞ்ச நேரத்துக்கு மட்டும் அனுமதிக்கும் கூடுதல் அளவு. அந்தக் 'கொஞ்ச நேரம்' எவ்வளவு என்று சொல்வது டவ். பல லேப்டாப்களில் இது 28 வினாடி என்று வைக்கப்பட்டிருக்கும், ஆனால் தயாரிப்பாளர் மாற்றிக்கொள்ளலாம். ஒரே சிப் உள்ள இரண்டு லேப்டாப்கள் வேறு வேறு மாதிரி ஓடுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இதை நீங்களே பார்க்கலாம். லேப்டாப்பைச் சார்ஜரில் போடுங்கள், பேட்டரியில் வரம்புகள் மாறக்கூடும். சில நிமிடம் சும்மா விடுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற கண்காணிப்பு மென்பொருளைத் திறந்து, கிளாக் வேகம் (அந்த கிகாஹெர்ட்ஸ் எண்), வாட், வெப்பநிலை மூன்றும் கண்ணில் படும்படி வையுங்கள். அப்புறம் சிப்பின் எல்லா கோர்களையும், அதாவது உள்ளே உள்ள கணக்கிடும் பிரிவுகள் எல்லாவற்றையும், இயக்கும் வேலை ஒன்றைக் கொடுத்து, குறைந்தது பத்து நிமிடம் விடாமல் ஓட்டுங்கள். சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருள் போதும், உங்களுடைய சொந்த வீடியோ எக்ஸ்போர்ட் என்றால் இன்னும் நல்லது.

இப்போது வாட் எண்ணை மட்டும் பாருங்கள். முதலில் 30, 40 என்று ஏறி நிற்கும். சுமார் அரை நிமிடத்தில் ஒரே படியாக 15-க்கு இறங்கி, அங்கேயே கோடு போட்டது போல நின்றுவிட்டால், அது மின்சக்தி வரம்பு. கூடவே வெப்பநிலையும் இறங்கும். வெப்பநிலை 95, 100 டிகிரி பக்கம் ஒட்டிக்கொண்டு, கிளாக் மட்டும் மேலும் கீழும் தடுமாறினால் அது வெப்ப வரம்பு. இந்த இரண்டையும் பிரித்தறிவதுதான் முழுச் சோதனையின் பயன். வெப்ப வரம்பு என்றால் தூசி தட்டுவதும் தெர்மல் பேஸ்ட் (சிப்புக்கும் கூலருக்கும் இடையே பூசும் பசை) மாற்றுவதும் உதவக்கூடும். மின்சக்தி வரம்பு என்றால் கூலிங் பேட் வாங்கி அடியில் வைத்தும் பெரிதாக எதுவும் மாறாது.

ஒரு சோதனை முடிந்த கையோடு அடுத்ததை ஆரம்பித்துவிடாதீர்கள். சிப் கணக்கில் எடுப்பது கடந்த சிறிது நேரத்தின் சராசரி வாட். இப்போதுதான் ஓடி முடித்திருந்தால் இரண்டாவது ஓட்டத்தில் பர்ஸ்ட் சுருங்கிவிடும்.

தரவு நகர்த்துவதிலும் இதே கதைதான், கணக்குதான் இன்னும் தெளிவு. சாம்சங் 870 க்யூவிஓ 1 டிபி எஸ்எஸ்டியை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதும் வேகம் வினாடிக்கு 530 எம்பி வரை. இது தரவை வைக்கும் சின்ன அறையான ஒரு செல்லில் நான்கு பிட் வைக்கும் க்யூஎல்சி வகை, அப்படி எழுதுவது மெதுவான வேலை. அதனால் ஒரு பகுதியைச் செல்லுக்கு ஒரு பிட் என்று வேகமாக எழுதும் கேஷாக, அதாவது தற்காலிக இடமாக, வைத்திருக்கிறார்கள். இந்த மாடலில் அது 42 ஜிபி வரை. அது நிரம்பினால் வேகம் 80 எம்பி. 100 ஜிபி நகலெடுத்தால் முதல் 42 ஜிபி ஏறக்குறைய 80 வினாடியில் முடியும். மீதி 58 ஜிபிக்கு 12 நிமிடம் ஆகும். மொத்தச் சராசரி 125 எம்பியைக்கூடத் தொடாது. அந்த 42-லும் 36 ஜிபி காலி இடத்திலிருந்து கடன் வாங்கியது. டிரைவ் நிறைய நிறைய கேஷ் சுருங்கி 6 ஜிபி வரை வந்துவிடும். ஆகவே எந்த எஸ்எஸ்டியையும் சோதிக்க 1 ஜிபி ஃபைல் போதாது. நீங்கள் வழக்கமாக நகர்த்தும் அளவையே, டிரைவ் வழக்கமாக நிறைந்திருக்கும் நிலையில் எழுதிப் பாருங்கள்.

பென் டிரைவில் நகலெடுக்கும்போது கோடு சரசரவென்று ஓடி 99 சதவீதத்தில் உறைந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். குறிப்பாக லினக்ஸில் இது சகஜம். அதுவரை தரவு போனது உங்கள் ராமுக்கு. டிரைவுக்கு இப்போதுதான் போய்க்கொண்டிருக்கிறது. ராமில் தேங்கியதை டிரைவில் எழுதி முடிக்கச் சொல்லும் சிங்க் கட்டளையைக் கொடுத்து, அது முடியும் வரை நேரம் பார்த்தால்தான் உண்மையான வேகம் தெரியும். தயவுசெய்து அதற்குள் டிரைவைப் பிடுங்காதீர்கள்.

ராமிலும் பர்ஸ்ட் உண்டு, ஆனால் அங்கே நானோ வினாடிக் கணக்கு. டிடிஆர்4 வகை ராம் ஒவ்வொரு முறையும் 8 தவணையாக 64 பைட் அனுப்பும். 3200 வேகத்தில் முதல் தவணைக்கு 10 முதல் 14 நானோ வினாடி காத்திருக்க வேண்டும், பிறகு எட்டும் சேர்ந்து வர 2.5 தான். புரோகிராம் எழுதுபவர்கள் சேர்ந்து பயன்படும் தரவை அடுத்தடுத்து வைக்க வேண்டியது இதனால்தான்.

வாடகை சர்வரில் மட்டும் தொட்டியின் அளவை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அமேசானின் வாடகை சர்வர் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸில் டி2 மைக்ரோ என்ற சிறிய சர்வருக்கு மணிக்கு 6 கிரெடிட் சேரும், அதிகபட்சம் 144. ஒரு கிரெடிட் என்றால் ஒரு கோர் முழு வேகத்தில் ஒரு நிமிடம். முழுவேகத்தில் ஓட்டினால் மணிக்கு 60 செலவு, 6 வரவு, நிகரம் 54. அதாவது 2 மணி 40 நிமிடத்தில் தீர்ந்துவிடும், பிறகு 10 சதவீதம்தான். டி2-வை நிறுத்திவிட்டுத் திரும்ப ஆரம்பித்தால் சேர்த்த கிரெடிட் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அந்தச் சர்வர்களோடு இணைக்கும் இபிஎஸ் வட்டின் ஜிபி-டூ வகையும் அப்படியே. 54 லட்சம் கிரெடிட்டோடு ஆரம்பிக்கும், 3000 ஐஓபிஎஸ் (வினாடிக்கு எத்தனை முறை படிக்க, எழுத முடியும் என்ற எண்) வரை பாயும். 100 ஜிபி வட்டுக்கு அடிப்படை 300 தான். காலியானதை முழுதாக நிரப்ப அதைத் தொடாமல் 5 மணி நேரம் விட வேண்டும். இரவு பேக்கப் முடிந்த பிறகு காலையில் டேட்டாபேஸ் தவழ்ந்தால் முதலில் இங்கே பாருங்கள்.

சர்வர் திடீரென்று மந்தமானால் லினக்ஸில் டாப் கட்டளையைத் திறந்து ஸ்டீல் நேரத்தை, அதாவது வேலை இருந்தும் கோர் கிடைக்காமல் உங்கள் சர்வர் காத்திருந்த நேரத்தை, கவனியுங்கள். அது ஏறியிருந்தால், உங்கள் புரோகிராமில் குறை தேடுவதற்கு முன் கிரெடிட் இருப்பைப் பாருங்கள். சிபியு கிரெடிட், வட்டின் பர்ஸ்ட் இருப்பு இரண்டுக்கும் எச்சரிக்கை வைக்கலாம். நான் பாதிக்குக் கீழே இறங்கும்போதே மணியடிக்கும்படி வைப்பேன். காலியாகும் தருவாயில் தெரிந்தால் எதுவும் செய்ய நேரம் இருக்காது. வாரத்தில் பல நாள் அந்த மணி அடித்தால், அந்த வேலைக்குப் பர்ஸ்ட் சர்வர் சரிவராது, நிலையான வேகம் தரும் வகைக்கு மாற்றிவிடுங்கள்.