கால் ரத்த ஓட்டம் குறைந்த பெரியவர்களுக்கு நடைப்பயிற்சி: தொடங்குவது எப்படி?

தெருமுனைக் கடைக்குப் போவதற்குள் கெண்டைக்கால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடும். மறுபடி நடந்தால், ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடி பிடிக்கும். அப்பாவுக்கு 71 வயதில் இது வந்தபோது, வயசாயிடுச்சு, நரம்புத் தளர்ச்சி என்றுதான் வீட்டில் நினைத்தோம். அவரும் நடப்பதையே விட்டுவிட்டார். காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியில் அடைப்பு என்று பிறகுதான் தெரிந்தது. இந்த வலிக்கு நடைதான் முக்கியமான சிகிச்சை, அதுவும் வலி வரும்வரை நடப்பது. எனக்கே இதை நம்பச் சில நாள் ஆனது.

முதலில் டாக்டர்

கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் அளந்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுப்பார்கள். 0.90 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடைப்பு என்று பொருள். நெடுநாள் சர்க்கரை நோயாளிகளுக்குத் தமனிச் சுவர் விறைத்துப்போய் இந்த எண் பொய்யாகக் கூடுதலாகக் காட்டலாம். அவர்களுக்குக் கால்விரலில் அழுத்தம் பார்ப்பது நல்லது. இதயத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள், அங்கேயும் இதே அடைப்பு இருக்கக்கூடும்.

படுத்திருக்கும்போதே பாதம் வலித்தால், ஆறாத புண் இருந்தால், விரல் கறுத்தால் பயிற்சி வேண்டாம், உடனே டாக்டரைப் பாருங்கள். கால் திடீரென்று வெளுத்துச் சில்லிட்டு வலித்தால் அது அவசர நிலை. அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

செருப்பும் பாதமும்

வெறுங்காலில் நடக்கவே கூடாது. பருத்திக் காலுறை, மெத்தென்ற ஷூ. போடுவதற்கு முன் ஷூவுக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஒருநாள் அப்பாவின் ஷூவுக்குள் புளியங்கொட்டை அளவு கல் கிடந்தது. சர்க்கரையால் மரத்துப்போன பாதத்துக்கு அது தெரியவே இல்லை. நடந்து வந்ததும் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள்.

நடை

ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து உடம்பைத் தயார் செய்யுங்கள். அப்புறம் 3 முதல் 5 நிமிடத்துக்குள் வலி வரும் வேகத்துக்கு மாறுங்கள். லேசாக இழுக்க ஆரம்பித்ததும் நின்றுவிடாதீர்கள், பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். 'இதற்கு மேல் கஷ்டம்' என்று தோன்றும் நடுத்தர வலி வரை போய், பிறகு நில்லுங்கள், அல்லது உட்காருங்கள். வலி முழுதாக அடங்கியதும் மறுபடி நடை. நடப்பதும் நிற்பதுமாக முதல் வாரம் மொத்தம் 15 நிமிடம் போதும். வாரம் ஐந்து நிமிடம் கூட்டி 45 நிமிடம் வரை கொண்டுபோங்கள். வாரத்தில் மூன்று நாளாவது, 12 வாரமாவது செய்ய வேண்டும்.

பத்து நிமிடம் வலியில்லாமல் நடக்க முடிகிறதா? சரி, வேகத்தைக் கொஞ்சம் கூட்டலாம், அல்லது லேசான மேட்டில் நடக்கலாம்.

இதனால் அடைப்பு கரைந்துவிடாது. கணுக்கால் எண்கூடப் பெரிதாக மாறாமல் இருக்கலாம், அதைப் பார்த்து மனம் தளராதீர்கள். கிடைக்கிற ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனைத் தசை நன்றாகப் பயன்படுத்தப் பழகிக்கொள்கிறது. அடைப்பைச் சுற்றிப்போகும் சின்ன ரத்தக் குழாய்களும் கைகொடுக்கலாம்.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், தலைசுற்றல் வந்தால் அப்படியே நிறுத்திவிட்டு உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள். இன்சுலின் போடுகிறவர் சட்டைப் பையில் குளுக்கோஸ் வைத்திருக்கட்டும்.

செய்யக் கூடாதவை

வெரிகோஸுக்குப் போடும் இறுக்கமான காலுறையை டாக்டரைக் கேட்காமல் மாட்டாதீர்கள், வருகிற கொஞ்ச ரத்தத்தையும் அது தடுத்துவிடும். வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம், மரத்த கால் சுடுவதை உணராது. பீடி, சிகரெட்டை விட வேண்டும். இதில் பாதி விடுவது என்பதே கிடையாது. மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கணக்கு

வலி வந்து நிற்கும் இடத்தைத் தினமும் நோட்டில் எழுதுங்கள். அப்பா மின்கம்பங்களை எண்ணினார். முதல் வாரம் நான்காவது கம்பத்தில் நின்றவர், பதினோராவது வாரம் பதின்மூன்றாவது கம்பத்தைத் தாண்டி, தானே போய்ப் பால் வாங்கி வந்தார்.