ஆஸ்திரேலியா வேலைக் கடிதத்தில் ‘லாஃபா’ என்று இருந்தால் கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

சுங்கை சிப்புட்டில் ஒட்டுக்கடையில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும், செம்பனை ஆலையில் ஃபிட்டர், வெல்டர் என்று கை பழகிய பையன் யாராவது வந்து கைப்பேசியில் ஆஸ்திரேலிய முதலாளி ஸ்பான்சர் செய்யும் 482 விசா வேலைக் கடிதத்தைக் காட்டுவான். போன வாரம் ஒரு கடிதத்தில், சம்பளத்துக்குக் கீழே ‘வீட்டை விட்டு வாழ்வதற்கான படி, வாரம் 300 டாலர், வரி இல்லை’ என்று இருந்தது. அங்கே சுருக்கமாக லாஃபா என்பார்கள். ஏஜண்டு சொன்ன விளக்கம்: “உன் வீடு மலேசியாவுல இருக்கு, நீ அங்க போய் இருக்கப் போறே, அதுக்குத்தான் தம்பி இது.”

ஒரு காலத்தில் இது சரிதான். என் மாமா மகன் 2009இல், 482க்கு முன்பிருந்த 457 விசாவில் பெர்த் போனபோது வாடகையும் சாப்பாட்டுக் காசும் அப்படித்தான் வந்தன, இன்னமும் அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் 2012 அக்டோபர் 1 முதல் சட்டம் மாறிவிட்டது. வரிச் சலுகை வேண்டுமென்றால் நீங்கள் விட்டு வந்த வீடு ஆஸ்திரேலியாவுக்குள்ளேயே இருக்க வேண்டும். தாமானில் நீங்கள் தவணை கட்டும் வீடும் அம்மா இருக்கும் லயத்து வீடும் இந்தக் கணக்கில் சேராது.

அப்படியானால் யாருக்குத்தான் கிடைக்கும்? பெர்த்தில் உங்கள் பெயரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக் குடியிருக்கிறீர்கள், முதலாளி எட்டு மாத வேலைக்குக் கல்கூர்லி போகச் சொல்கிறார், முடிந்ததும் பெர்த் வீட்டுக்கே திரும்புவீர்கள் என்றால் கிடைக்கும். அந்த எட்டு மாதமும் பெர்த் வாடகையைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், வீடும் நீங்கள் எப்போது வந்தாலும் தங்குகிற மாதிரி இருக்க வேண்டும். சும்மாதானே கிடக்கிறது என்று கூட்டாளிக்கு உள்வாடகைக்கு விட்டால் சலுகை போய்விடும், நம்ம ஆட்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். ஒரே வேலையிடத்துக்கு 12 மாதம்தான் உச்சம். சுரங்கத்துக்கு விமானத்தில் போய்ப் போய் வருகிறவர்களுக்கு அந்த 12 மாத வரம்பு இல்லை.

வீடு இருக்கிறது என்பதை எழுதி முதலாளியிடம் கொடுக்க வேண்டும், கல்கூர்லியில் தங்கும் செலவுக்கு ரசீது வைத்திருக்க வேண்டும். சாப்பாட்டுக் காசில் பெரியவர் ஒருவருக்கு வாரம் 42 டாலர், 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 21 டாலர், வீட்டில் இருந்தாலும் ஆகும் செலவு என்று கழித்துவிடுவார்கள்.

நிபந்தனை ஒத்துவரவில்லை என்றால், லாஃபா என்று கொடுத்த பணத்துக்கு வரி கட்ட வேண்டியது நீங்கள் இல்லை, முதலாளி. அதுவும் 47 சதவீதம். எந்த முதலாளி அதைச் சும்மா கட்டுவார்? நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு அந்த 300ஐச் சாதாரணப் படி என்று மாற்றுவார்கள், சம்பளத்தோடு சேர்த்து வரி பிடிப்பார்கள். ஆண்டு வருமானம் 45,000 டாலருக்கு மேல், 1,35,000க்குள் என்றால் அந்தப் பகுதிக்கு 30 சதவீதம், ஆக கையில் 210தான். வாடகைக்கு 300 என்று கணக்குப் போட்டுக் கிளம்பியவன் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

அதனால் ஏஜண்டை விட்டுவிட்டு முதலாளியிடமே எழுத்தில் கேளுங்கள்: ஆஸ்திரேலியாவில் எனக்கு வீடு இல்லை, பிறகு எந்த அடிப்படையில் இதற்கு வரி இல்லை? பதில் மழுப்பலாக வந்தால் அந்த 300ஐ அடிப்படைச் சம்பளத்தில் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். வரி போகும், சரி, ஆனால் அடிப்படைச் சம்பளத்துக்கு முதலாளி தன் கையிலிருந்து 12 சதவீதம் சூப்பர் போட வேண்டும், நம்ம இபிஎஃப் மாதிரி. லாஃபாவுக்கு அது கிடையாது. வேலை முடிந்து விசாவும் முடிந்து ஊர் திரும்பிய பின் அந்தச் சூப்பரை எடுக்கலாம், 35 சதவீதம் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள்.

இன்னொன்று, விசா ஸ்பான்சர் செய்வதற்கே தனியாகப் பணம் கேட்டால் அது அங்கே சட்டவிரோதம், கேட்பவர் முதலாளியாக இருந்தாலும் சரி, ஏஜண்டாக இருந்தாலும் சரி. போன பிறகு சம்பளத்தில் தகராறு என்றால் அங்கே வேலைப் புகார்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபேர் வொர்க் ஒம்பட்ஸ்மன் எண் 13 13 94. ஆங்கிலம் தடுமாறினால் முதலில் 131 450ஐக் கூப்பிட்டுத் தமிழ் என்று சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரைச் சேர்த்துக் கொடுப்பார்கள்.