மான் எதற்காக ஓடுகிறது: ஆர்பிஜி உலகங்களில் விலங்குகளை வைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1997ஆம் ஆண்டு வெளிவந்த அல்டிமா ஆன்லைன் விளையாட்டுக்காக ரிச்சர்ட் கேரியட், ராஃப் கோஸ்டர் ஆகியோர் இருந்த குழு ஓர் உணவுச் சங்கிலியையே கட்டி வைத்திருந்தது. புல் வளரும், முயலும் ஆடும் அதை மேயும், ஓநாய் அவற்றை வேட்டையாடும், காட்டில் இரை குறைந்தால் பெரிய விலங்குகள் ஊர்ப்பக்கம் இறங்கும் என்பது திட்டம். விளையாட்டு திறக்கப்பட்டதும் உள்ளே நுழைந்தவர்கள் கண்ணில் பட்ட உயிரையெல்லாம் வெட்டித் தீர்த்தார்கள். விலங்குகள் உருவாகும் வேகத்தைவிட அவை சாகும் வேகம் அதிகமாக இருந்தது. ஒவ்வொரு விலங்கும் தனக்கு வேண்டியதைச் சுற்றிலும் தேடிக் கணக்கிட்டுக்கொண்டே இருந்ததால் சர்வருக்கும் சுமை கூடியது. முடிவில் அந்த அமைப்பையே எடுத்துவிட்டார்கள். அத்தனை உழைப்புக்குப் பின்னும், அப்படியொன்று இருந்ததை ஆட்டக்காரர்கள் உணரவே இல்லை என்பதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது.

ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக மாறி ஆடும் கணினி விளையாட்டு) உலகம் ஒன்றைக் கட்ட முனைகிறவர்கள் முதலில் தவிர்க்க வேண்டிய தவறு இதுவே. கணக்கு எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும், அதன் விளைவு ஆட்டக்காரர் நடந்து போகும் வழியில் கண்ணில் படாவிட்டால் அவரைப் பொறுத்தவரை அது இல்லாததுதான். ஒரு விலங்குக்கு ஆட்டக்காரரைச் சாராத தன் காரியம் ஒன்று இருக்க வேண்டும். அந்தக் காரியம் வெளியில் தெரியவும் வேண்டும். இந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் காடு செத்துவிடுகிறது. எனக்குப் பார்க்கக் கிடைக்கும் சிறிய முயற்சிகளிலும் மாட்களிலும் (வெளிவந்த விளையாட்டில் ரசிகர்கள் செய்யும் மாற்றங்கள்) நான் காணும் பிழைகள் அனேகமாக இந்த இரண்டில் ஒன்றைத் தவறவிட்டதால் வந்தவையே.

கணக்கின் சுமைக்குத் தீர்வு இல்லாமல் இல்லை. 2007இல் வந்த ஸ்டாக்கர் விளையாட்டின் ஏ-லைஃப் என்னும் அமைப்பு, ஆட்டக்காரருக்கு அருகில் இருக்கும் உயிர்களை மட்டும் முழு உடலோடும் அசைவோடும் இயக்கியது. தொலைவில் இருப்பவற்றை வரைபடத்தின் மேல் நகரும் வெறும் புள்ளிகளாக எளிய விதிகளால் நடத்தியது. சிறு குழுவாலும் இந்த வழியைப் பின்பற்ற முடியும். அதைக்காட்டிலும் மலிவான வழி தடயம் வைப்பது. ஓநாய் மானைக் கொல்வதை ஆட்டக்காரர் நேரில் பார்க்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஓடையோரத்தில் பாதி தின்ற உடல், அதன் மேல் வட்டமிடும் கழுகுகள், ஈர மண்ணில் பதிந்த தடம் ஆகிய மூன்றும் இருந்தால் நடந்த கதையை அவரே சேர்த்துக்கொள்வார். 2018இல் வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 இதை மிக அழகாகச் செய்கிறது. அதை முழு ஆர்பிஜி என்று சொல்வதில் பலருக்கு உடன்பாடு இருக்காது. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அதைப் பார்த்துத்தான் கற்க வேண்டும். அங்கே கொன்று விட்டுப்போன விலங்கு உடனே மறைவதில்லை. நாளாக ஆக அழுகுகிறது, பிணந்தின்னிகள் அதைத் தேடி வருகின்றன.

அடுத்த தவறு, எல்லா விலங்கையும் ஆட்டக்காரரை நோக்கியே திருப்பி வைப்பது. டிராகனைக் கொன்று அதன் எலும்பால் செய்த கவசத்தை அணிந்து வருகிறவர் மீதும் ஸ்கைரிம் விளையாட்டின் ஓநாய் தயக்கமில்லாமல் பாய்கிறது. உண்மையான வேட்டை விலங்கு இப்படி நடப்பது அரிது. காலில் காயம் பட்டால் அடுத்த வேட்டை இல்லை, வேட்டை இல்லையென்றால் பட்டினி என்பதால், அது எப்போதும் ஆதாயத்தையும் ஆபத்தையும் சீர்தூக்கிப் பார்க்கிறது. ஓநாயை எதிரியாக வைப்பதில் பிழை இல்லை. ஆனால் அது முதலில் தொலைவிலிருந்து பார்க்கட்டும், பின்தொடரட்டும், ஆட்டக்காரர் காயத்தோடு தனியாக இருக்கும்போது நெருங்கட்டும், தீப்பந்தத்தைக் கண்டால் விலகட்டும். அதே ஸ்கைரிமில் ஓநாய்கள் மானைத் துரத்துவதையும், அருவிகளில் சால்மன் மீன்கள் எதிர்நீச்சலில் துள்ளுவதையும், ராட்சதர்கள் மாமத்துகளை மேய்த்து அவற்றின் பாலில் பாலாடைக்கட்டி செய்வதையும் காண்கிறோம். நம்மைத் தாக்கும் நூறு ஓநாய்களைவிட நம்மைக் கவனிக்காமல் துள்ளும் அந்த ஒரு மீன்தான் உலகத்தை நம்ப வைக்கிறது.

நான் ஒரு சிறு வரைபடத்தில் ஓடைக்கரையில் 12 மான்களை வைத்தேன். அனைத்தும் தலை குனிந்து மேய்ந்தன; ஆட்டக்காரர் குறிப்பிட்ட தூரத்துக்குள் வந்ததும் அனைத்தும் ஒரே நொடியில் ஒரே திசையில் ஓடின. பார்க்க மணி அடித்ததும் பள்ளி விட்டது போல இருந்தது. பிறகு மான்கள் மேயும் காணொளிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கூட்டத்தில் எப்போதும் ஒன்றிரண்டு தலை நிமிர்ந்திருக்கிறது. ஒன்று குனிந்தால் இன்னொன்று நிமிர்கிறது. ஆபத்தை முதலில் உணர்ந்தது உடனே ஓடுவதில்லை. மேய்வதை நிறுத்துகிறது, காதுகள் ஒரு பக்கம் திரும்புகின்றன, முன்னங்காலைத் தரையில் தட்டுகிறது. அதன் பிறகுதான் பாய்ச்சல். மற்றவை ஆபத்தைக் கண்டு ஓடுவதில்லை, முதல் மான் ஓடுவதைக் கண்டு ஓடுகின்றன. இந்த நான்கு நிலைகளையும் ஒவ்வொரு மானுக்கும் சற்றே வேறுபட்ட தாமதத்தையும் சேர்த்ததோடு என் வேலை முடிந்தது. புதிய மாடலோ புதிய ஒலியோ தேவைப்படவில்லை. பறவைக் கூட்டத்துக்கும் மீன் கூட்டத்துக்கும் இதைவிட எளிய வழியை கணினி வரைகலை வல்லுநர் கிரெய்க் ரெனால்ட்ஸ் 1987இலேயே காட்டிவிட்டார். பக்கத்தில் இருப்பதோடு மோதாதே, அருகில் உள்ளவை போகும் திசையில் போ, கூட்டத்தின் நடுவை ஒட்டி இரு என்ற மூன்று விதிகளே அவருடைய பாய்ட்ஸ் என்னும் முறை.

எண்ணிக்கையின் விகிதத்தைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. ஒரு புலிக்கு ஆண்டுக்குச் சுமார் 50 மான் அளவு விலங்குகள் இரையாகத் தேவை. அத்தனையை இழந்தும் மான் கூட்டம் குறையாமல் நிலைத்திருக்க அதைப்போலப் பத்து மடங்கு, சுமார் 500 மான்கள் அந்தக் காட்டில் வாழ வேண்டும். விளையாட்டில் 500 மான்களை யாரும் வைக்கப் போவதில்லை. ஆனால் ஒரு பள்ளத்தாக்கில் ஆறு கரடிகளும் இரண்டு முயல்களும் இருந்தால், உயிரியல் படிக்காதவருக்கும் ஏதோ சரியில்லை என்று தோன்றும். இரையை அதிகமாகவும் வேட்டை விலங்கை அரிதாகவும் வைத்தால், கரடியைக் காண்பது மறக்க முடியாத நிகழ்ச்சியாகிவிடுவது கூடுதல் பலன்.

ஒலியில் செய்யப்படும் பிழைகளைத் தனியாகவே பேச வேண்டும், ஏனெனில் காட்டு உயிர்களில் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரிவதற்கு முன் காதுக்குத் தெரிகின்றன. ஒரே பறவைக் கூச்சலைக் காலை முதல் இரவு வரை சுழல விடுவது மிகப் பரவலான பிழை. பறவைகளின் பாட்டு விடியற்காலையில் உச்சத்தில் இருக்கும், நண்பகலில் அடங்கும், மாலையில் மீண்டும் எழும். இரவில் பூச்சிகளுக்கும் தவளைகளுக்கும் முறை வரும். வெப்பம் கூடினால் சில்வண்டு வேகமாக ஒலிக்கும் என்பதை அமெரிக்க இயற்பியலாளர் ஏமஸ் டால்பேர் 1897இலேயே சூத்திரமாக எழுதியிருக்கிறார். ஆகவே பனிமலைக்கும் சதுப்பு நிலத்துக்கும் ஒரே பூச்சி ஒலியை அதே வேகத்தில் வைப்பது பொருந்தாது. வாள் சண்டை நடக்கும்போதும் பக்கத்து மரத்தில் குருவி கவலையின்றிப் பாடிக்கொண்டிருப்பது இதைவிடப் பெரிய பிழை. ஒலி திடீரென நிற்பதும் ஒரு செய்தியே. நம் காடுகளில் மரத்தின் மேலிருந்து புலியைக் கண்ட மந்தி குரல் கொடுக்க, கீழே மேயும் புள்ளிமான்கள் எச்சரிக்கை அடைகின்றன. இதை ஒருமுறை கற்றுக்கொண்ட ஆட்டக்காரர், திரையின் மூலையில் உள்ள சிவப்புப் புள்ளியை நம்பாமல் காட்டை நம்பத் தொடங்குவார்.

அந்த நம்பிக்கைக்கு நாம் உண்மையாக நடந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் பங்கேற்ற ஆய்வு ஒன்று 2021இல் வெளியானது. அதில் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 விளையாடியவர்கள் 15 விலங்குப் படங்களில் சராசரியாக 10ஐச் சரியாக அடையாளம் கண்டார்கள். விளையாடாதவர்களைவிட அது மூன்று அதிகம். அப்படியென்றால் தவறாக வைத்தாலும் அதுவும் மனத்தில் பதியும். திரைப்படங்களில் வெண்தலைக் கழுகு வாய் திறக்கும்போதெல்லாம் செவ்வால் பருந்தின் குரலைச் சேர்த்தே பழகியதால், கழுகின் மெல்லிய உண்மைக் குரலைக் கேட்பவர்கள் அதைப் போலி என்று நினைக்கும் நிலை வந்துவிட்டது.

விலங்கைப் பொம்மை போலத் தனியாகச் சோதித்துவிட்டு உலகத்துக்குள் விடுவதும் ஆபத்தானது. ஸ்கைரிமின் தொடக்கக் காட்சியில் கைதிகளை ஏற்றி வரும் வண்டி, உருவாக்கத்தின்போது ஒரு கட்டத்தில் திடீரென ஆட்டம் கண்டு வானத்தில் பறந்ததாக அதில் பணியாற்றிய நேட் பர்க்கிபைல் 2021இல் விவரித்தார். சாலையைக் கடந்த ஒரு தேனீதான் காரணம். தேனீயைக் கையில் பிடிக்க முடியாத பிழை ஒன்றைத் திருத்தியபோது அது மற்றப் பொருள்களோடு மோதத் தொடங்கிவிட்டது. எதற்கும் அசையாத பாறை போல அது குறுக்கே பறக்க, வண்டி தூக்கியெறியப்பட்டது. அதே விளையாட்டில் நரியைப் பின்தொடர்ந்தால் புதையல் கிடைக்கும் என்ற பேச்சும் நெடுங்காலம் இருந்தது. அப்படி யாரும் திட்டமிடவில்லை என்று, அதன் உருவாக்கத்தில் பணியாற்றிய ஜோயல் பர்ஜஸ் விளக்கினார். விலங்குகள் நடக்கும் தரை நேவ்மெஷ் எனப்படும் முக்கோண வலையாகப் பிரிக்கப்பட்டுள்ளது; தப்பி ஓடும் நரி தூரத்தைக் கணக்கிடாமல் முக்கோணங்களின் எண்ணிக்கையைக் கணக்கிடுகிறது; வெட்டவெளியில் முக்கோணங்கள் பெரியவை, முகாம்களிலும் இடிபாடுகளிலும் சிறியவை; ஆகவே நரி தானாகவே அந்தப் பக்கம் போய்ச் சேர்கிறது. இதை அறிந்த பின்னும் எனக்கு அந்த நரி மீதான அன்பு குறையவில்லை. நரிக்கு ஒரு காரியம் இருப்பதாக ஆட்டக்காரர்கள் நம்பினார்கள். அது போன இடத்தில் ஏதோ இருந்தது.

இறந்த விலங்கை என்ன செய்வது என்பதில்தான் பெரும்பாலான உலகங்கள் உடைகின்றன. 2015இல் வந்த விட்சர் 3 விளையாட்டின் வெள்ளைப் பழத்தோட்டம் என்னும் பகுதியில் ஆட்டக்காரர்கள் மாடுகளைக் கொன்று, தோலை எடுத்து, விளையாட்டு நேரத்தை வேகமாகக் கடத்தும் தியானத்தில் அமர்ந்து, மாடுகள் மீண்டும் தோன்றியதும் திரும்பவும் கொன்று பணம் சேர்த்தார்கள். உருவாக்கியவர்கள் அடுத்துத் தந்த திருத்தத்தில், மாடுகளைக் கொன்று குவித்தால் அவற்றைக் காக்கும் கொடிய பூதம் ஒன்று வந்து தாக்கும்படி செய்தார்கள். அந்தத் தீர்வு விளையாட்டுக்குப் பொருந்தியது என்றாலும் நோய் வேறிடத்தில் இருக்கிறது. விலங்கு என்பது பணமும் எக்ஸ்பி என்னும் அனுபவப் புள்ளிகளும் உதிர்க்கும் பெட்டியாகவும், காலக்கெடு முடிந்ததும் அதே இடத்தில் அதே எண்ணிக்கையில் முளைப்பதாகவும் இருந்தால், யாரும் அதை அப்படித்தான் நடத்துவார்கள். ஓரிடத்தில் அதிகம் வேட்டையாடினால் அங்கே மீண்டும் தோன்றும் எண்ணிக்கை குறையட்டும், எஞ்சியவை அடுத்த பள்ளத்தாக்குக்கு நகரட்டும், ஊர் வேடன் ஒருவன் அதைப் பற்றிக் குறைபட்டுக்கொள்ளட்டும்.

ஒரே ஓர் இனத்துக்காவது மறுபிறப்பைக் கொடுக்காமல் விடலாம். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2இன் கதை 1899இல் நடக்கிறது. அங்கே கரோலினா கிளிகள் கணக்கான எண்ணிக்கையில் மட்டுமே இருக்கின்றன, சுட்டுத் தீர்த்தால் மீண்டும் வருவதில்லை. உண்மை உலகில் அறியப்பட்ட கடைசிக் கரோலினா கிளி 1918 பிப்ரவரியில் சின்சினாட்டி விலங்குக் காட்சிசாலையின் கூண்டில் இறந்தது.