துருப்பிடித்த பழைய காரை மறுபடி ஓட வைக்க

பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். காரைத் தூக்கி நிறுத்தி அடிப்பக்கம் பாருங்கள். நான் முதலில் எடுப்பது ஸ்க்ரூடிரைவரைத்தான். சேஸிஸ் (காரைத் தாங்கும் அடிச்சட்டம்), கதவுக்குக் கீழ்ப்பகுதி, ஸ்பிரிங் மாட்டும் இடம் எல்லாம் குத்திப் பார்ப்பேன். முனை உள்ளே இறங்கினால் அங்கே தகடு துருவில் அழுகிவிட்டது; அதைப் பட்டி பூசி மறைப்பது ஏமாற்று வேலை. அழுகியதை வெட்டி, நல்ல தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அதற்கு முன் பேட்டரி, பெட்ரோல் டேங்க் இரண்டையும் கழற்றிவிடுங்கள்.

இன்ஜின் இறுகியிருந்தால் செல்ஃப் அடிக்கவே கூடாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, சில நாள் ஊறியபின் கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் இன்ஜின் தண்டு) கையால் மெல்லத் திருப்புங்கள்.

அப்புறம் பிரேக். ரப்பர் ஹோஸ், சீல், ஆயில் எல்லாமே புதிது போடுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். டயர் ஓரத்தில் 2315 என்றிருந்தால் 2015-இன் 23-ஆம் வாரம் செய்தது. 10 வயதானதை மாற்றுங்கள்.