‘கோஸ்ட் வேர்ல்ட்’ படத்தை இரண்டு முறை பார்ப்பது எப்படி

டெர்ரி ஸ்விகாஃப் இயக்கத்தில் 2001-இல் வெளிவந்த ‘கோஸ்ட் வேர்ல்ட்’, பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த ஈனிட், ரெபெக்கா என்னும் இரு தோழிகளின் கோடைக்காலத்தைச் சொல்லும் அமெரிக்க நகைச்சுவைப் படம். இதை ஒரு முறை மட்டும் பார்ப்பவருக்கு ஈனிட்டின் நக்கல் பேச்சு நினைவில் நிற்கும். நட்பு எந்த இடத்தில் கைநழுவியது என்பது பிடிபடாது. ஆகவே ஒரே வாரத்துக்குள் இரண்டு முறை பார்க்குமாறு சொல்வேன். முதல் முறை ஈனிட்டின் பின்னால் செல்லுங்கள், இரண்டாம் முறை ரெபெக்காவின் பின்னால்.

அமெரிக்காவில் ‘ஆர்’ சான்றிதழ் (17 வயதுக்குட்பட்டோர் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம்) பெற்ற படம் என்பதால், திரைப்படக் கழகத்தில் திரையிடுவதானால் பள்ளி மாணவர்களை அழைக்க வேண்டாம்; கல்லூரி வயதினருக்கே இது பொருந்தும். கதைக்கு மூலமான டேனியல் க்ளௌஸின் காமிக்ஸ் 1993 முதல் 1997 வரை தொடராக வந்தது. அதைப் படம் பார்த்த பிறகு படியுங்கள். ஸ்டீவ் புசெமி நடித்த, பழைய இசைத்தட்டுகளைச் சேகரிக்கும் சீமோர் பாத்திரம் படத்துக்கென்று உருவானது. காமிக்ஸை முதலில் படித்தவர்கள் ‘இவர் எங்கிருந்து வந்தார்’ என்று ஒப்பிட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள்.

முதல் முறை பார்க்கும்போது தொடக்கக் காட்சியைத் தவறவிடாதீர்கள். 1965-இல் வந்த ‘கும்நாம்’ என்ற இந்திப் படத்தின் ‘ஜான் பெஹ்சான் ஹோ’ பாட்டு, முகமது ரஃபியின் குரலில் முழங்குகிறது. கேமரா ஒவ்வொரு ஜன்னலாகக் கடந்து செல்ல, அக்கம்பக்கத்து மனிதர்கள் தத்தம் வீட்டுக்குள் சோர்ந்து கிடக்கிறார்கள். கடைசி ஜன்னலில், பட்டமளிப்பு விழாவின் சிவப்பு அங்கியை அணிந்தபடி, தொலைக்காட்சியைப் பார்த்து ஈனிட் ஆடிக்கொண்டிருக்கிறாள். நம் ஊர்ப் பார்வையாளர்கள் பாட்டை அடையாளம் கண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆனால் தனக்குப் புரியாத மொழியில், தான் பிறப்பதற்கு முன்பே வந்த ஒரு பாட்டில்தான் அவளுக்கு உயிர் வருகிறது என்பதைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பின்னர் சீமோரிடம் வாங்கிய இசைத்தட்டில், ப்ளூஸ் பாடகர் ஸ்கிப் ஜேம்ஸ் 1931-இல் பதிவுசெய்த ‘டெவில் காட் மை வுமன்’ ஒலிக்கும்போதும் இதுவே நடக்கிறது. பாட்டு முடிந்ததும் ஊசியை எடுத்து மறுபடி தொடக்கத்தில் வைக்கிறாள், பிறகு மறுபடியும். அவள் முதன்முதலாக எதையும் கிண்டல் செய்யாமல் இருக்கும் நேரம் அது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாம் முறைக்கு ஒரு தாளும் பேனாவும் வேண்டும். தோரா பிர்ச்சும் (ஈனிட்) ஸ்கார்லெட் ஜோஹான்சனும் (ரெபெக்கா) சேர்ந்து வரும் காட்சிகளை மட்டும் வரிசையாகக் குறித்து வாருங்கள். முதல் பாதியில் நெருக்கமாக வரும் குறிப்புகள், பின்பாதியில் மெலிந்துகொண்டே போவது தாளிலேயே தெரியும். ரெபெக்கா காப்பிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, இருவரும் சேர்ந்து குடியிருக்க வீடு தேடுகிறாள். ஈனிட்டோ திரையரங்கின் தின்பண்டக் கவுன்ட்டரில் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. வாடகை வீடு ஒன்றில் சுவரிலிருந்து மடித்து இறக்கும் இஸ்திரிப் பலகையை ரெபெக்கா மகிழ்ச்சியோடு காட்டும் இடத்தில் படத்தை நிறுத்தி, இருவர் முகத்தையும் பாருங்கள். ஒருத்திக்கு அது சொந்த வீட்டின் முதல் சான்று. மற்றவளுக்கு வெறும் பலகை. பெரிய சண்டை எதுவும் தேவைப்படவில்லை. முதல் முறை பார்த்தபோது ரெபெக்காவைச் சலிப்பூட்டும் பெண் என்று நினைத்தேன்; மாதா மாதம் வாடகை கொடுக்கத் தொடங்கிய பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது.

ஓவிய வகுப்பில் ஈனிட் ஒரு பழைய விளம்பரப் படத்தைக் கொண்டுவரும் காட்சிக்கு மட்டும் முன்கூட்டியே விளக்கம் தர வேண்டும். கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல்லையும் கேலிச்சித்திரத்தையும் தன் பெயரிலும் வாசலிலும் வைத்திருந்த ‘கூன் சிக்கன் இன்’ என்ற உணவகத் தொடர் 1920-களில் அமெரிக்காவில் உண்மையாகவே தொடங்கி நடந்தது. இது தெரியாதவருக்கு, அந்த உணவகத்தின் விளம்பரப் படத்தால் எழும் கொந்தளிப்பும், அதனால் ஈனிட்டுக்குக் கிடைக்கவிருந்த கல்லூரி உதவித்தொகை பறிபோவதும் விளங்காது.

கலந்துரையாடலைத் தொடங்கும்போது ‘யார் மீது தவறு’ என்று கேட்காதீர்கள். கூட்டம் இரு கட்சியாகப் பிரிந்து, அதோடு பேச்சு முடிந்துவிடும். ‘இருவரும் ஒரே விஷயத்துக்குச் சேர்ந்து சிரித்த கடைசிக் காட்சி எது’ என்று கேளுங்கள். தாளில் எழுதியவர்கள் ஆளுக்கொரு காட்சியைச் சொல்வார்கள், ஒவ்வொருவரும் தம் காட்சிக்காக வாதாடுவார்கள். வராத பேருந்துக்காக நிறுத்தத்தில் காத்திருக்கும் நார்மன் என்ற முதியவரையும், இறுதியில் ஈனிட் ஏறிச் செல்லும் பேருந்தையும் பற்றிய பேச்சைக் கடைசிக்கு ஒதுக்குங்கள். அது மரணமா, விடுதலையா என்று முதலிலேயே ஆரம்பித்தால், ரெபெக்காவை எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

பெயர்ப் பட்டியல் ஓடத் தொடங்கியதும் விளக்கைப் போட்டுவிடாதீர்கள். அது முடிந்த பிறகு, கடையில் நடக்கும் சண்டையில் சீமோர் வெல்வதுபோல் ஒரு சிறு மாற்றுக் காட்சி இருக்கிறது.