மூலைக்கல் வைப்பது எப்படி: தாங்கும் மூலையும் அலங்கார மூலையும்

கல் கட்டடம் எதைப் பார்க்கப் போனாலும் நான் முதலில் போய் நிற்பது மூலையில்தான். முகப்பை எவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கியிருந்தாலும், மூலையை ஒட்டிக் கல்லும் கல்லும் சேரும் மூட்டு ஒரே நேர்கோடாக மேலிருந்து கீழ்வரை இறங்கியிருந்தால், அந்த இரண்டு சுவர்களும் தனித்தனியாகத்தான் நிற்கின்றன. இன்றைக்கு நிற்கும். நாளைக்கு மண் கொஞ்சம் இறங்கினால் வாய் பிளக்கும்.

நடுச்சுவரில் இருக்கும் கல்லுக்கு இரண்டு பக்கமும் துணை உண்டு. மூலைக்கல்லுக்கு இரண்டு முகம் வெளியே நிற்கின்றன; மழையும் வெயிலும் இரண்டு பக்கமும் அடிக்கும், வண்டி உரசுவதும் அங்கேதான். கூரை சுவரை வெளியே தள்ளினால் முதலில் விடுவது மூலை. நிலநடுக்கத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அசைவு வரும் திசையில் நீளவாக்காக இருக்கும் சுவர் விறைத்து நிற்கும். அதற்குக் குறுக்கே இருக்கும் சுவர் முன்னும் பின்னும் ஆடும். ஒன்று ஆட, இன்னொன்று ஆடாமல் நிற்க, இரண்டும் சேரும் இடம் கிழிகிறது. அதனால்தான் மூலை வெடிப்பு பெரும்பாலும் மேலே அகலமாகவும் கீழே வரவரக் குறுகலாகவும் இருக்கும்.

இதற்கு மருந்து ஒன்றுதான். ஒரு வரிசையில் மூலைக்கல்லின் நீளம் இந்தச் சுவருக்குள் ஓடட்டும், அடுத்த வரிசையில் அந்தச் சுவருக்குள் ஓடட்டும். இரண்டு கை விரல்களைக் கோத்துப் பிடிப்பது போல. இங்கிலாந்தின் எர்ல்ஸ் பார்ட்டன் ஊரில் 10-ஆம் நூற்றாண்டுத் தேவாலயக் கோபுரம் ஒன்று இன்னும் நிற்கிறது. அதன் மூலைகளில் நெட்டையான கல் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, அதன்மேல் பட்டையான கல் ஒன்றைக் கிடத்தி, மறுபடி நெட்டைக்கல் என்று மாற்றி மாற்றி ஏற்றியிருக்கிறார்கள். கண்ணை இழுப்பது நெட்டைக்கல். சுவருக்குள் ஓடிப் பிடித்துக்கொள்வது பட்டைக்கல். சிக்கிமுக்கிக்கல்லால் சுவர் எழுப்பும் இடங்களில் அந்தக் கல்லை வைத்து மூலை திருப்பவே முடியாது, சின்னதாகவும் உருண்டையாகவும் இருக்கும். அதனால் மூலைக்கு மட்டும் செங்கல்லோ செதுக்கிய கல்லோ வைப்பார்கள்.

கல் பொறுக்குவது

கல் வந்து இறங்கியதும் சுவர் வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். முதலில் மூலைக்கல்லைப் பிரித்துத் தனியாக அடுக்குங்கள். நல்ல கல்லெல்லாம் நடுச்சுவருக்குள் போனபிறகு மூலைக்குக் கல் தேடுவதுதான் வேலையைக் கெடுக்கும். முரட்டுக்கல் சுவரில்கூட மூலைக்கல்லின் நீளம் 30 செ.மீ.க்குக் குறையக் கூடாது. நாலுக்கு ஒரு கல்லாவது 50 செ.மீ. இருக்க வேண்டும். உயரம் அந்த வரிசையின் உயரமே. நீளம் உயரத்தைவிட இரண்டு மடங்கு இருந்தால் எனக்கு நிம்மதி.

ஆசைப்பட்டுப் பெரிய கல்லையும் எடுக்க வேண்டாம். கருங்கல் கனமீட்டருக்கு ஏறக்குறைய 2,650 கிலோ. 50 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் என்றால் ஒரு கல்லே 119 கிலோ வரும். சங்கிலிக் கப்பி இல்லாமல் தூக்கி வைக்க முடியாது. 45, 25, 20 என்று எடுத்தால் 60 கிலோ. இரண்டு பேர் பிடித்து, அவசரப்படாமல் வைக்கலாம்.

எடுத்த ஒவ்வொரு கல்லையும் சுத்தியலால் ஒரு தட்டு தட்டுங்கள். கணீர் என்று கேட்டால் மூலைக்கு. பொத்தென்று கேட்டால் உள்ளே வெடிப்பு இருக்கிறது, அது அடித்தளத்தின் உள்நிரப்புக்குக்கூட யோசித்துத்தான் போக வேண்டும்.

கல் எப்படிப் படுத்திருந்தது?

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பார்த்துப் பார்த்துக் கட்டிய மூலைகள்கூட இதில்தான் போகின்றன.

மணற்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் அடுக்கடுக்காகப் படிந்து உருவானவை. பாறைக்குள் அந்த அடுக்குகள் எப்படிப் படுக்கையாகக் கிடந்தனவோ, சுவரிலும் அப்படியே கிடக்க வேண்டும். நிறுத்தி வைத்தால் என்ன ஆகும்? அடுக்கின் தட்டையான பக்கம் வெளியே பார்க்கும். தண்ணீர் அடுக்குகளுக்கு இடையே இறங்கும். காயும்போது உப்பு உள்ளேயே படிகமாகி விரியும். ஏடு ஏடாக உரிந்து விழும். நடுச்சுவரிலாவது அடுக்கின் தட்டையான பக்கம் பக்கத்துக் கல்லைப் பார்க்கும்படி நிறுத்தித் தப்பித்துக்கொள்ளலாம். மூலையில் அந்த வழியே கிடையாது. இரண்டு முகமும் வெளியே இருப்பதால், எந்தப் பக்கம் திருப்பி நிறுத்தினாலும் ஒரு முகம் உரியத்தான் செய்யும். கிடத்துவது ஒன்றே வழி.

அடுக்கு தெரியவில்லை என்றால் கல்லை நன்றாக நனைத்துவிட்டுக் காயும்போது பாருங்கள். களிமண் சேர்ந்த அடுக்கு மற்றதைவிட மெதுவாகக் காயும், மெல்லிய கோடுகளாக நிற்கும். எது கிடைப்பக்கம், அதாவது கல் படுத்து உட்கார வேண்டிய பக்கம், என்று தெரிந்ததும் சாக்பீஸால் மேல்பக்கத்தில் ஒரு அடையாளம் போடுங்கள். கொத்துபவர் ஒருவர், வைப்பவர் ஒருவராக இருக்கும் வேலையில் அந்த ஒரு கோடு பெரிய காரியம் செய்யும். கருங்கல்லுக்கு இந்தப் படிவு அடுக்கு கிடையாது. அது சுலபமாகப் பிளக்கும் திசை ஒன்று உண்டு, கல் உடைப்பவருக்குக் கைவாக்கில் தெரியும். கட்டும்போது அதைப் பற்றி இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை.

கொத்துவது

முதலில் கிடைப்பக்கம், பிறகு ஒரு முகம், பிறகு செங்கோணம் பார்க்கும் மூலைமட்டம் வைத்து இரண்டாவது முகம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். கிடைப்பக்கம் சரியாக இல்லாமல் முகத்தைச் சரிசெய்தால் கல்லை வைக்கும்போது முகம் சாய்ந்து நிற்கும். கிடைப்பக்கம் விளிம்பிலிருந்து குறைந்தது 10 செ.மீ. உள்வரை சமமாக இருக்கட்டும். சிலர் வேலை சீக்கிரம் முடிய நடுவைக் குழித்துவிட்டு விளிம்பை மட்டும் சமமாக்குவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் மூட்டு மெல்லிய கோடாக அழகாகத் தெரியும். ஆனால் மேலே இருக்கும் பாரமெல்லாம் அந்த விளிம்பில் விழுந்து, கடைசியில் முனை தெறித்துப் போகும்.

முகம் முழுவதையும் வழவழப்பாக்க வேண்டும் என்றில்லை. நாலு ஓரத்திலும் 25 மி.மீ. அகலத்துக்கு உளியால் மட்டமாகக் கரை எடுத்துவிட்டு, நடுவில் கல்லின் முரட்டைத் தன்பாட்டுக்கு விட்டுவிடலாம். அந்தக் கரை அலங்காரத்துக்காகப் பிறந்ததில்லை. குண்டுநூல் பிடிக்க ஒரு நேரான ஓரம் வேண்டும், அதற்காக. பிறகு பார்க்கவும் அழகாக இருக்கிறது. கொத்தும்போது கண்ணாடி போடுங்கள், தூசு பறக்காமல் கல்லை ஈரமாக வைத்துக்கொள்ளுங்கள், முகமூடி கட்டாயம். கல்தூசு நுரையீரலில் தங்கினால் திரும்பி வராது. இதில் யாருக்கும் சலுகை கொடுக்காதீர்கள்.

மூலை எடுப்பது

செங்கோணத்துக்கு 3, 4, 5 கணக்குதான். ஒரு சுவரில் 3 அடி, மற்றதில் 4 அடி குறித்தால் குறுக்கே 5 அடி வர வேண்டும். இடம் இருந்தால் 6, 8, 10 என்று பெரிதாக எடுங்கள், பிழை குறையும். நாலு மூலையும் குறித்தபிறகு இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து சமமா என்று பாருங்கள்.

மூலைகளை முதலில் இரண்டு மூன்று வரிசை ஏற்றிவிட்டு, மூலைக்கு மூலை நூல் கட்டி நடுவை நிரப்புவதுதான் முறை. நூல் மூலையைத்தான் பின்பற்றும். ஆகவே மூலையில் 5 மி.மீ. விலகினால் சுவர் முழுக்க 5 மி.மீ. விலகும்.

கலவை போடாமல் கல்லை ஒருமுறை வெறுமனே வைத்துப் பாருங்கள். ஆடுகிறதா, எந்த முனை இடிக்கிறது என்று அப்போதே தெரியும், கொத்திச் சரிசெய்யுங்கள். ஆடும் கல்லுக்கு அடியில் சில்லு செருகி மட்டம் கொண்டுவரும் பழக்கம் வேண்டாம். கலவை சற்றுச் சுருங்கியதும் பாரம் முழுவதும் அந்தச் சில்லின்மேல் உட்கார்ந்துகொள்ளும். கல்லைக் கழுவி நனைத்து, கலவையைத் தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே பரப்பி, கல்லை இறக்கி, மரச்சுத்தியால் தட்டிப் பிதுங்கவிடுங்கள். பிறகு ரசமட்டம் மேலே, குண்டுநூல் இரண்டு முகத்திலும். ஒரு முகத்தில் பார்த்துவிட்டு இன்னொன்று சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. நன்றாகச் செதுக்கிய கல்லுக்கு மூட்டு 5 மி.மீ., வரிசைக்கு ஒரே உயரமாகக் கொத்திய கல்லுக்கு 10, முரட்டுக்கல்லுக்கு 20-க்கு மேல் போகக் கூடாது.

ஒரு நாளைக்கு ஒரு மீட்டர் உயரத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம். வேலையை நிறுத்தும்போது மூலையிலிருந்து படிப்படியாகச் சரிவாக இறக்கி நிறுத்துங்கள், 45 பாகைக்கு மேல் செங்குத்தாக வேண்டாம். செங்குத்தாக நிறுத்தி, கல் ஒன்றுவிட்டு ஒன்று பல்போல நீட்டிக்கொண்டிருக்க விட்டுவைத்து, பிறகு வந்து கோத்துக்கொள்ளலாம் என்றால், அந்த இடம் எப்போதும் பழையதும் புதியதும் சேராத கோடாகவே இருக்கும்.

சுவரின் வெளிமுகத்தையும் உள்முகத்தையும் சேர்த்துப் பிடிக்கும் கட்டுக்கற்களை மறக்காதீர்கள். உயரத்தில் 60 செ.மீ.க்கு ஒன்று, நீளவாக்கில் 1.2 மீட்டர் இடைவெளிக்கு மிகாமல். சுவரின் கனம் முழுக்க எட்டும் நீளக்கல் கிடைக்காவிட்டால் அந்த அளவில் கான்கிரீட் கட்டை வார்த்து வைக்கலாம். மூலைக்கல் இரண்டு சுவரைச் சேர்க்கிறது. கட்டுக்கல் ஒரே சுவரின் இரண்டு தோலைச் சேர்க்கிறது. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்பதில்லை.

கலவை கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். கருங்கல்லுக்கு 1:6 சிமெண்ட் கலவை (ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல்) சரி. மென்மையான மணற்கல், சுண்ணாம்புக்கல் என்றால் சுண்ணாம்புக் கலவைதான். அங்கே கெட்டி சிமெண்ட் வைத்தால் ஈரம் மூட்டு வழியே வெளியேற முடியாமல் கல் வழியே வரும். சில வருடத்தில் மூட்டு துருத்திக்கொண்டு நிற்க, கல் உள்ளே கரைந்துபோயிருக்கும்.

அலங்கார மூலை

சுவருக்கு வெளியே துருத்தி நிற்கும் மூலைக்கற்கள் ரோமிலுள்ள பலாசோ ஃபர்னேசே மாளிகையில் எவ்வளவு கம்பீரமாக இருக்கின்றன என்று படம் கிடைத்தால் பாருங்கள். பரந்த சமமான சுவருக்கு அந்த முரட்டு மூலைதான் படத்துக்குப் போடுவதுபோலச் சட்டம் போடுகிறது. ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் வீடு வேறு கதை. பைன் பலகையின் ஓரங்களைச் சாய்வாக வெட்டி, ஈர வண்ணத்தின்மேல் மணலைத் தூவிக் கல்போலக் காட்டியிருக்கிறார்கள். அலங்காரத்தைக் குறைவாக நினைக்க இரண்டுமே இடம் கொடுக்காது. ஆனால் அலங்காரமும் உண்மையான மூலையின் கணக்கைத்தான் பின்பற்ற வேண்டும் என்பதில் நான் உறுதி.

அதாவது, நீளமும் குட்டையும் மாறி மாறி வரட்டும். இந்த முகத்தில் நீளமாகத் தெரியும் கல், பக்கத்து முகத்தில் குட்டையாகத் தெரிய வேண்டும். இரண்டு முகத்திலும் நீளமாகத் தெரியும் கல் ஒன்றிரண்டு இருந்தாலே கண் அதைப் பொய் என்று கண்டுபிடித்துவிடும். நீளம் குட்டையைப்போல ஒன்றரை மடங்கு இருந்தால் பார்வைக்கு உட்காரும். மொத்த உயரத்தை முதலில் அளந்து, முழுக்கல்லாகவே முடியும்படி வரிசை உயரத்தை வகுத்துக்கொள்ளுங்கள். மேலே கால் கல் ஒட்டவைத்து முடித்தால் எல்லா உழைப்பும் வீண். பீடத்திலிருந்து தொடங்கிக் கூரை விளிம்பில் முடியட்டும். முதல் மாடியில் திடீரென்று தொடங்கும் மூலைக்கல்லைப் பார்த்தால் அந்தரத்தில் தொங்குவதாகத்தான் தோன்றும். துருத்தல் 20 முதல் 25 மி.மீ. போதும், மேல் ஓரத்தைச் சாய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் அங்கேயே நிற்கும்.

மெல்லிய கல்லை ஒட்டுவதாக இருந்தால் ‘எல்’ வடிவில் வெட்டிய மூலைத்துண்டுகளையே வாங்குங்கள். இரண்டு தட்டைக்கல்லை மூலையில் முட்டவைத்தால் ஒரு பக்கம் கல்லின் கனம் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். ‘எல்’ துண்டுக்கு ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. வரிசைக்கு வரிசை திருப்பி வையுங்கள். மூலையை முதலில் முடித்துவிட்டு உள்நோக்கி வாருங்கள். பசையைச் சுவரில் மட்டும் தடவாமல் கல்லின் முதுகிலும் முழுவதும் தடவுங்கள். நாலு பொட்டு வைத்து ஒட்டினால் இடைவெளியில் தண்ணீர் தேங்கும். மண் தரையிலிருந்து 10 செ.மீ., தளம் போட்ட தரையிலிருந்து 5 செ.மீ. தள்ளித் தொடங்குங்கள். கனமான பலகைக்கல் என்றால் பசையை நம்பாமல் துருப்பிடிக்காத எஃகுக் கொக்கி போட வேண்டும். சாதா இரும்பு துருவேறினால் பருத்துக் கல்லையே பிளந்துவிடும்.

பழைய மூலையில் கல் மாற்றுவது

ஒரு நேரத்தில் ஒரே கல். மேலும் கீழும் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கற்களை ஒன்றாக எடுக்கவே கூடாது. மேலே உள்ளதற்கு முட்டு கொடுத்துவிட்டு, மூட்டைக் கையுளியால் சுரண்டி எடுங்கள். இயந்திர ரம்பம் பக்கத்துக் கல்லின் ஓரத்தை வெட்டிவிடும். புதுக்கல் பழையதின் அதே வகை, அதே கிடைப்பக்கம். முகத்துக்கு மட்டும் மெல்லிய துண்டு வெட்டி ஒட்டினால் அது ஒட்டு வேலைதான். பாரம் தாங்க வேண்டுமென்றால் பழைய கல் எவ்வளவு ஆழம் போயிருந்ததோ அவ்வளவு ஆழம் போக வேண்டும். உள்ளே தள்ளியபிறகு மேல்மூட்டில் ஈரம் குறைந்த கலவையைப் பட்டையான குச்சியால் இடித்து இடித்து நிரப்புங்கள், கூழாக ஊற்றினால் சுருங்கி மேலே இடைவெளி விழும். ஈரச்சாக்கு போட்டு ஒரு வாரம் நனைத்துவையுங்கள். கலவை பாரம் தாங்கும் அளவுக்கு இறுகியபிறகு கொடுத்த முட்டுக்கட்டையை எடுத்துவிட்டு, அடுத்த கல்லுக்குப் போங்கள்.